‘பாதுகாப்பு கருதி அனுமதி இல்லை’: பொது இடங்களுக்கு விதி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூங்கா வாசலில் ஒரு பலகை. ஓடக் கூடாது, மரம் ஏறக் கூடாது, பந்து விளையாடக் கூடாது, புல்லில் உட்காரக் கூடாது, சைக்கிள் கூடாது, பட்டம் கூடாது, குளத்துப் பக்கம் போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. இந்த ஒன்பதில் ஒன்றுதான் உயிர் விஷயம். அந்தக் குளம் கரையிலிருந்து இரண்டடி தள்ளி சட்டென்று ஆழமாகிவிடும். ஆனால் அந்த எச்சரிக்கை ஏழாவது வரியில், பட்டத்துக்கும் புகைப்படத்துக்கும் நடுவே, அதே அளவு எழுத்தில் கிடக்கிறது. மூன்றாவது வரியைத் தாண்டி யாரும் படிப்பதில்லை.

அளவுக்கு மீறிய பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘எரிச்சல்தான், ஆனால் கெடுதல் இல்லையே, கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டுமே’ என்று பலரும் சமாதானம் சொல்வார்கள். கெடுதல் இருக்கிறது. மனிதர்களுக்குக் கவனம் கொஞ்சம்தான். தேவையில்லாத எட்டு விதிகள் அதைத் தின்றுவிட்டால் தேவையான ஒன்பதாவதற்கு மிச்சம் இருக்காது. பூங்கா, நூலகம், நீச்சல் குளம், சமுதாயக் கூடம், திருவிழாத் திடல் என எந்தப் பொது இடத்துக்காவது விதி எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்தால், கீழே சொல்லும் தவறுகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் நல்ல எண்ணத்தில் செய்யப்படுபவைதான்.

ஆபத்தைச் சொல்லாமல் விதியை எழுதுவது

முதல் தவறு இது. மற்றவற்றில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன. ஒரு விதியை எழுதும் முன் ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்க வேண்டும்: யாருக்கு, எதனால், எப்படி அடிபடும்? ‘ஈரமான ஓட்டுத் தரையில் ஓடும் குழந்தை வழுக்கி, குளத்தின் விளிம்பில் தலை மோதும்.’ சரி, நீச்சல் குளத்தைச் சுற்றி ஓடக் கூடாது என்பதற்கு அர்த்தம் இருக்கிறது. அதே ‘ஓடக் கூடாது’ புல்வெளியில் எதற்கு? வாக்கியத்தை எழுத முயன்றால் ‘குழந்தை ஓடி, விழுந்து, முட்டி தேயும்’ என்பதற்கு மேல் வராது. அதற்கு ஒரு விதி தேவையா என்பதை எழுதுபவரே முடிவு செய்துகொள்ளலாம்.

வாக்கியம் வராத இடத்தில் இன்னொன்றும் தெரியவரும். அந்த விதிக்கு உண்மையான காரணம் வேறு. பந்து விளையாடினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் செய்கிறார்கள். புல்லில் உட்கார்ந்தால் தோட்டக்காரருக்கு வேலை கூடுகிறது. மொட்டைமாடியைத் திறந்து வைத்தால் ஓர் ஆளை நிறுத்த வேண்டும், அதற்குப் பணம் இல்லை. இவையெல்லாம் நியாயமான காரணங்களாகவே இருக்கலாம். ஆனால் அப்படியே சொன்னால் எதிர்க்கேள்வி வரும். ‘பாதுகாப்பு கருதி’ என்று சொல்லிவிட்டால் வராது. குழந்தையின் உயிரோடு யார் வாதாடுவார்கள்?

பிரிட்டனில் இந்தச் சாக்கு எவ்வளவு பரவியதென்றால், 1974-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தை அமல்படுத்தும் அரசு அமைப்பே 2012-ல் கட்டுக்கதைகளை உடைப்பதற்கென்று ஒரு குழுவை அமைத்தது. ‘பாதுகாப்பு விதிப்படி முடியாது’ என்று யாராவது சொன்னால், அது உண்மைதானா என்று அந்தக் குழுவிடம் கேட்க முடிந்தது. அப்படி ஒரு விதியே இல்லை என்ற பதில் சலிக்கும் அளவுக்கு வந்தது. குதிரைச் செஸ்ட்நட் மரத்துக் கொட்டையை நூலில் கோத்து, ஒருவர் கொட்டையை இன்னொருவர் கொட்டையால் உடைக்கும் பழைய பள்ளி விளையாட்டு ஒன்று அங்கே உண்டு. அதை அரசு தடை செய்துவிட்டது என்று நாடே நம்பியது. அரசு அமைப்போ, நாங்கள் அப்படிச் செய்யவே இல்லை, அதில் பொருட்படுத்தும்படியான ஆபத்தும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே காரணம் செலவு என்றால் செலவு என்றே எழுதுங்கள். ‘ஆள் பற்றாக்குறையால் மாலை ஆறு மணிக்கு மேல் மாடி திறக்கப்படாது’ என்பதைப் படிப்பவர் புரிந்துகொள்வார். ஒருவேளை உதவ முன்வந்தாலும் வரலாம். பாதுகாப்பு என்ற பெயரை நிஜமான பாதுகாப்புக்கு மட்டும் மிச்சம் வைத்திருந்தால்தான், அந்தப் பெயரைச் சொல்லும் நாளில் மக்கள் நின்று கேட்பார்கள்.

நடக்கக்கூடும் என்பதால் நடந்தே தீரும் என்று நினைப்பது

மரக்கிளை முறிந்து விழுந்து ஆள் சாகக்கூடும். உண்மைதான், செத்திருக்கிறார்கள். ஆனால் எத்தனை பேர்? பிரிட்டனில், மரம் விழுந்து ஒருவர் இறப்பதற்கான வாய்ப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்காக மரங்களைப் பார்க்காமல் விட்டுவிடலாம் என்று இல்லை. நடைபாதை மேல் சாய்ந்திருக்கும் மரம், அடித்தண்டில் காளான் முளைத்த மரம், காய்ந்த பெருங்கிளை, பெஞ்சுக்கு நேர் மேலே இருக்கும் கிளை: இவற்றை ஆளனுப்பி ஒழுங்காகப் பார்க்க வேண்டும். ஒரு கிளை விழுந்த செய்தி வந்ததும் சாலை முழுக்க மரங்களை வெட்டுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். நிழல் போனால் அந்தச் சாலையில் வெயில் ஏறும். வெயிலில் மயங்கி விழும் முதியவரை யாரும் மரத்தின் கணக்கில் எழுதப்போவதில்லை.

கல்லறைகள் விஷயத்தில் இதைவிட வேதனையான ஒன்று நடந்தது. பிரிட்டனில் தளர்ந்த கல்லறைக் கற்கள் சாய்ந்து சில குழந்தைகள் இறந்ததையடுத்து, பல உள்ளாட்சிகள் கற்களைத் தள்ளிப் பார்த்துச் சோதிக்க ஆரம்பித்தன. அசைந்தவற்றையெல்லாம் கூட்டம் கூட்டமாகப் படுக்க வைத்தன. அப்பா அம்மாவின் கல்லறைக்குப் பூ வைக்க வந்தவர்கள், கல் தரையில் கிடப்பதையும் அதில் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருப்பதையும் பார்த்தார்கள். கடைசியில் 2009-ல் அந்நாட்டு நீதி அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஆபத்து மிகக் குறைவு, உடனடி ஆபத்து உள்ள கற்களை மட்டும் கவனித்தால் போதும், மொத்தமாகப் படுக்க வைக்கத் தேவையில்லை என்பதே அதன் சாரம். சில கற்கள் ஆளைக் கொன்றது பொய்யல்ல. எந்தக் கல் என்று பார்க்கும் பொறுமை இல்லாமல் எல்லாக் கல்லையும் சாய்த்ததுதான் தவறு.

ஆபத்தையும் அதைத் தடுக்க ஆகும் செலவையும் தராசில் வைப்பது சட்டத்துக்குப் புறம்பான யோசனை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1949-ல் ஓர் ஆங்கிலேய நிலக்கரிச் சுரங்க வழக்கில் நீதிமன்றம் சொன்னதே அதைத்தான்: ஒரு தட்டில் ஆபத்து, மறு தட்டில் அதைத் தவிர்க்கத் தேவைப்படும் பணம், நேரம், சிரமம். பின்னது முன்னதைவிட மிகப் பெரிய விகிதத்தில் அதிகமாக இருந்தால் செய்யாமல் விட்டது குற்றம் ஆகாது. பாதுகாப்புக்குச் சாதகமாகத் தட்டு சற்றுத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பதும் இதில் அடக்கம். இன்றும் பிரிட்டனின் பாதுகாப்புச் சட்டம் இந்த அளவுகோலில்தான் நிற்கிறது. ‘ஆபத்து பூஜ்யமாக வேண்டும்’ என்று அது கேட்கவே இல்லை.

பழுதுபார்ப்பதற்குப் பதில் பலகை வைப்பது

படிக்கட்டில் ஒரு படி உடைந்திருக்கிறது. ‘படி உடைந்துள்ளது, கவனம்’ என்று லாமினேட் செய்த தாள் ஒன்று ஒட்டப்படுகிறது. தாள் வெயிலில் வெளுத்து, ஓரம் சுருண்டு, எழுத்து மங்கி, பிறகு அதற்கு மேல் புதுத் தாள் ஒட்டப்படுகிறது. படி அப்படியே இருக்கிறது.

பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு வரிசை மனப்பாடம். முதலில் ஆபத்தையே நீக்கு. முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள ஒன்றை அந்த இடத்தில் வை. அதுவும் முடியாவிட்டால் கம்பி, மூடி, கைப்பிடி என்று பொருளால் தடு. அதற்கும் பிறகுதான் விதியும் பலகையும் பயிற்சியும். ஹெல்மெட், கையுறை எல்லாவற்றுக்கும் கடைசி. பலகை நான்காவது இடத்தில் இருப்பதற்குக் காரணம், அது வேலை செய்ய வேண்டுமென்றால் வருகிறவர் பார்க்க வேண்டும், படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், நம்ப வேண்டும், அந்த நொடியில் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கைப்பிடிக்கு இதில் எதுவும் தேவையில்லை. ஆனால் பொது இடங்களில் வரிசை தலைகீழாகிவிடுகிறது, ஏனென்றால் பலகைதான் மலிவு, அன்றே முடிந்துவிடும்.

நீச்சல் குளத்தில் இது நன்றாகத் தெரியும். சுவரில் முப்பது விதிகள் இருக்கும். குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வடிகால் வாயின் மூடி உடைந்திருக்கும். அந்த உறிஞ்சலில் உடலோ முடியோ மாட்டினால் பெரியவர்களாலும் இழுத்து எடுக்க முடியாமல் போகலாம். அமெரிக்காவில் 2002-ல் ஒரு வெந்நீர்த் தொட்டியின் வடிகாலில் சிக்கி 7 வயதுச் சிறுமி இறந்தாள். அதன் விளைவாக 2007-ல் வந்த சட்டம், பொதுக் குளங்களில் ஆளைப் பிடித்து வைக்காத வடிவிலான மூடிகளைக் கட்டாயமாக்கியது. இன்னொரு பலகையைக் கட்டாயமாக்கவில்லை. அதேபோல, மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் நேரம் மூச்சு வாங்கவே போதாது, கத்த எங்கே? கைகள் தன்னிச்சையாகத் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு நிமிடத்துக்குள் சத்தமே இல்லாமல் முடிந்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்கக் கற்ற ஒரு காவலர், தன் கண்ணை எதற்கும் திருப்பாமல் தண்ணீரில் வைத்திருப்பதுதான் அங்கே பாதுகாப்பு. அவரைப் போய், தொப்பி போடாதவரையும் தின்பண்டம் கொண்டுவருபவரையும் பிடிக்கும் வேலையில் விடுவது முப்பது விதிகளின் உபயம்.

பலகை பெருகினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவைப் பார்க்கலாம். 1986-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ஒரு சட்டம், புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்கள் இருக்கும் இடத்திலும் பொருளிலும் எச்சரிக்கை வைக்கச் சொல்கிறது. பட்டியலில் இப்போது 900-க்கு மேற்பட்ட பொருள்கள். விளைவு, வாகன நிறுத்துமிடம், ஹோட்டல், கேளிக்கைப் பூங்கா என எங்கும் அதே வாசகம். 2018-ல் ஒரு நீதிபதி காபிக்கும் எச்சரிக்கை வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே மாநில அரசு விதி போட்டுக் காபிக்கு விலக்குக் கொடுத்தது. சட்டத்தின் நோக்கம் நல்லதுதான், எச்சரிக்கை வைக்க விரும்பாத சில நிறுவனங்கள் பொருளையே மாற்றிக்கொண்டதும் உண்டு. ஆனால் எல்லாச் சுவரிலும் ஒட்டிய எச்சரிக்கையை நடந்து போகிற எவரும் நின்று படிப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியும் ஆபத்தை விரட்டிவிட்டு, தெரியாததை விட்டுவைப்பது

விளையாட்டுத் திடல்களில் நடப்பது இது. எனக்கு இந்தத் தலைப்பில் மிகவும் உறுத்துகிற பகுதியும் இதுதான்.

உயரமான ஏணி ஒன்றைப் பார்த்தால் பெரியவர்களுக்கு வயிறு கலங்கும். குழந்தைக்கும் அது உயரம் என்று தெரியும். அதனால்தான் இரண்டு படி ஏறி, கீழே பார்த்து, கொஞ்சம் யோசித்து, இறங்கி, மறுநாள் மூன்றாவது படி ஏறும். இது குழந்தை தானே அளந்துகொள்ளும் ஆபத்து. அதிலிருந்துதான் அது தன் கை பலத்தையும் கால் தூரத்தையும் கற்றுக்கொள்கிறது. எலன் சாண்ட்செட்டர் என்ற நார்வே ஆய்வாளர் குழந்தைகள் தேடிப் போகும் இத்தகைய விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார்: உயரம், வேகம், கத்தி சுத்தியல் போன்ற கருவிகள், நெருப்பும் தண்ணீரும் போன்றவை, கட்டிப் புரளும் சண்டை, பெரியவர் கண்ணில் படாமல் தொலைந்து போவது. எந்தத் தலைமுறைக் குழந்தையும் இந்த ஆறையும் எங்காவது தேடிப் பிடித்துவிடும். திடலில் கிடைக்காவிட்டால் கட்டுமானம் நடக்கும் இடத்தில், ரயில் பாதையோரத்தில்.

மற்ற ஆபத்து குழந்தையால் அளக்க முடியாதது. ஏணிப்படிகளுக்கு நடுவிலோ தடுப்புக் கம்பிகளுக்கு நடுவிலோ உள்ள இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வழிகாட்டுதல்கள், மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட இடைவெளி இருக்கவே கூடாது என்கின்றன. மூன்றரைக்குக் கீழ் என்றால் குழந்தையின் உடம்பு நுழையாது. ஒன்பதுக்கு மேல் என்றால் தலையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நடுவில் இருந்தால் கால் நுழையும், இடுப்பு நுழையும், மார்பு நுழையும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். குழந்தை கழுத்தில் தொங்கும். இதை எந்தப் பலகையும் தடுக்காது, எந்தக் குழந்தையாலும் ஊகிக்க முடியாது, அப்பா அம்மா கண்ணுக்கும் தெரியாது. ஓர் அளவு நாடா போதும் கண்டுபிடிக்க.

இன்னும் இருக்கிறது. ஊஞ்சலின் மரக்கால் மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கும், மண்ணோடு சேரும் இடத்தில் ஈரம் தங்கி உள்ளே மக்கிப்போயிருக்கும். அந்த இடத்தில் மண்ணைக் கொஞ்சம் தோண்டி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். சங்கிலியைத் தாங்கும் கொக்கி தேய்ந்து பாதிக் கனம் ஆகியிருக்கும். சறுக்குமரத்தின் உச்சியில் பலகைகள் சேரும் சிறு பிளவில், சட்டையின் கயிறோ துப்பட்டாவோ மாட்டினால் உடல் கீழே போக, கழுத்து மேலே நிற்கும். ஊஞ்சலுக்குக் கீழே போட்ட மணல் ஆயிரம் கால்கள் உதைத்து ஓரத்துக்கு ஒதுங்கி, குழந்தை விழும் இடத்தில் மட்டும் கட்டாந்தரை தெரியும். மண்வாரியால் இழுத்துவிடுவது பத்து நிமிட வேலை.

அதிக அக்கறையுள்ள நிர்வாகம் என்ன செய்யும் என்றால், உயரமான ஏணியை எடுத்துவிடும், ஊஞ்சலை எடுத்துவிடும், ரப்பர் தரை போட்டு இடுப்பளவு உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் வீடு வைக்கும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தை அங்கே ஐந்து நிமிடத்தில் சலித்துப்போய் பிளாஸ்டிக் வீட்டின் கூரை மேல் ஏறும், ஏறுவதற்கென்று செய்யப்படாத கூரை. ஐரோப்பியத் திடல் தரநிலை விழும் உயரத்துக்கு மூன்று மீட்டர் வரை இடம் கொடுக்கிறது, அதற்கேற்ற தரை இருந்தால் போதும். தரநிலை எழுதியவர்களே அனுமதித்த உயரத்தை, தரநிலையைப் படிக்காதவர்கள் பயந்து வெட்டிவிடுகிறார்கள்.

1943-ல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த டென்மார்க்கில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் ஒரு திடல் திறந்தார்கள். சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனை. அழகான திடல்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் குப்பைமேட்டிலும்தான் குழந்தைகள் சந்தோஷமாக விளையாடுகிறார்கள் என்று அவர் கவனித்திருந்தார். அதனால் பலகை, செங்கல், ஆணி, சுத்தியல் எல்லாம் கொடுத்து, நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். கூடவே ஒரு பெரியவர் இருப்பார், தடுக்க இல்லை, பார்த்துக்கொள்ள. போருக்குப் பிறகு அந்த யோசனை பிரிட்டனுக்கும் ஐரோப்பாவின் பல ஊர்களுக்கும் பரவி, இன்றுவரை அத்தகைய திடல்கள் நடக்கின்றன.

வழக்கு வந்துவிடும் என்று பயந்து மூடிவிடுவது

‘யாராவது கேஸ் போட்டால்?’ இந்த ஒரு கேள்வியில் எத்தனை குளக்கரைகளுக்கு வேலி விழுந்திருக்கிறது!

இதற்குப் பதில் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் காங்கிள்டன் நகராட்சிப் பகுதியில், பழைய மணல் குவாரி ஒன்று ஏரியாகி, சுற்றிலும் பூங்கா ஆனது. மணல் கரைகள் இருந்ததால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ‘ஆபத்தான நீர், நீந்தக் கூடாது’ என்று பலகைகள் இருந்தன, யாரும் மதிக்கவில்லை. சலித்துப்போன நிர்வாகம், கரைகளில் மண்ணைக் கொட்டிச் செடி நட்டு மறைத்துவிடலாம் என்று திட்டம் போட்டது. பணம் ஒதுக்கத் தாமதமானது. அதற்குள் 1995-ல் 18 வயது இளைஞர் ஒருவர் ஆழமில்லாத இடத்தில் தலைகீழாகப் பாய்ந்து, மணலில் தலை மோதி, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சிக்கும் ஒரு பங்கு பொறுப்பு உண்டு என்றது. கரையை மூட வேண்டும் என்று தெரிந்தும் மூடவில்லையே என்பது வாதம்.

2003-ல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பை மாற்றியது. தண்ணீரில் பாய்ந்தால் அடிபடலாம் என்பது யாருக்கும் தெரிந்த ஆபத்து, தெரிந்தே எடுத்த ஆபத்துக்கு நகராட்சி பொறுப்பில்லை என்றது. அதோடு நிற்கவில்லை. தடுப்பதால் போகிற நன்மையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. கவனமில்லாமல் நடந்துகொள்ளும் சிலரைக் காப்பாற்றுவதற்காக, வாளியும் மண்வெட்டியுமாக மணலில் விளையாடும் குழந்தைகளிடமிருந்து கரையைப் பறிப்பது நியாயமில்லை என்பது நீதிபதிகளில் ஒருவரான ஹாஃப்மன் பிரபுவின் வாதம்.

ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு, வழக்கறிஞரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்கும் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘இதைத் தடை செய்தால் நமக்குப் பொறுப்பு வராதா?’ என்று கேட்டால் எந்த வழக்கறிஞரும் தடை செய்யுங்கள் என்றுதான் சொல்வார். ‘இதைத் திறந்து வைக்க வேண்டும், அதற்கு நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?’ என்று கேட்டால் வேறு பதில் வரும். பராமரிப்புப் பதிவேடு, ஆய்வுத் தேதி, பழுதைச் சரிசெய்த ரசீது என்று ஒரு பட்டியல் கிடைக்கும். வழக்கில் காப்பாற்றுவதும் அவைதான்.

ஒரு ஆபத்துக்குப் போட்ட பூட்டு இன்னொன்றில் ஆளைக் கொல்வது

இதுவரை சொன்னவற்றில் நஷ்டம் பெரும்பாலும் எரிச்சல், இழந்த நிழல், இழந்த விளையாட்டு. இதில் உயிர்.

1942 நவம்பரில் பாஸ்டனின் கோகோநட் குரோவ் இரவு விடுதியில் தீப்பிடித்தது. பக்கத்துக் கதவுகள் பூட்டியிருந்தன, பணம் கொடுக்காமல் யாரும் நழுவிவிடக் கூடாதென்று. முன்வாசல் சுழல் கதவில் கூட்டம் நெருக்கி, கதவு அசையாமல் நின்றுவிட்டது. 492 பேர் இறந்தார்கள். சுழல் கதவுக்குப் பக்கத்தில் வெளிப்புறமாகத் திறக்கும் சாதாரணக் கதவு இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட விதிகளில் வந்தது அதற்குப் பிறகுதான்.

1989-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் இருந்த வேலி, ரசிகர்கள் களத்துக்குள் இறங்கிக் கலவரம் செய்யாமல் இருக்கப் போட்டது. அதாவது அதுவும் பாதுகாப்பு வேலிதான். பின்னாலிருந்து கூட்டம் வந்து நெருக்கியபோது முன்னால் இருந்தவர்களுக்குப் போக இடமில்லை. வேலியோடு நசுங்கியவர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள். உள்ளே இருப்பவர்களை ஆபத்தாகப் பார்த்துப் போட்ட வேலி, அவர்களே ஆபத்தில் இருந்த நொடியில் திறக்கவில்லை.

அதனால் புதிதாக ஒரு கதவைப் பூட்டும்போதும், ஒரு வழியை மறிக்கும்போதும், சோதனை வாசல் வைத்துக் கூட்டத்தை ஒரே வரிசையில் விடும்போதும், திருட்டைத் தடுக்கிறோமா என்று மட்டும் பார்க்கக் கூடாது. புகை வந்தால் இந்தக் கூட்டம் எந்தப் பக்கம் ஓடும், அங்கே என்ன இருக்கிறது? சாவி யாரிடம்? அவர் சாப்பிடப் போயிருந்தால்? இதைக் காகிதத்தில் பார்த்தால் போதாது, கூட்டம் அதிகமாக இருக்கும் மாலை ஒன்றில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

சில சின்னத் தவறுகள்

எதையாவது செய்கிறோம் என்று காட்டுவதற்காகச் செய்வது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஊரில், குழந்தைகளை வெளியே விடும் முன் கிருமி நீக்குகிறோம் என்று டிராக்டர்களில் கடற்கரை முழுக்க பிளீச் தெளித்தார்கள். பறவைகள் முட்டையிடும் காலம் அது. காற்றும் வெயிலும் உப்புமாக இருந்த இடத்தில் கிருமிக்கு என்ன வேலை? அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம், தெருக்களில் மருந்து தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை, ஆட்கள் மேல் தெளிக்கவே கூடாது என்று சொன்னது.

அப்புறம், வாசலில் நிற்கும் ஊழியருக்கு விதியைக் கொடுத்துவிட்டுக் காரணத்தைக் கொடுக்காமல் இருப்பது. நூலகத்தில் ஒரு முதியவர் வெளிச்சத்துக்காக நாற்காலியை ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்த்துகிறார். ‘ஐயா, நகர்த்தக் கூடாது, ரூல்ஸ்’ என்கிறார் காவலாளி. அந்த விதி போட்டதே அவசர வழியை நாற்காலிகள் அடைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஜன்னல் பக்கம் அவசர வழியே இல்லை. காரணம் தெரிந்திருந்தால் அவரே நாற்காலியைத் தூக்கிக் கொடுத்திருப்பார். காரணம் தெரியாததால் ஜன்னல் நாற்காலியைத் தடுத்துவிட்டு, அவசரக் கதவின் முன் அடுக்கிய புத்தகப் பெட்டிகளைத் தாண்டி நடந்து போகிறார். பெட்டிகள் விதியில் இல்லையே!

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கி எறிவது

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நெதர்லாந்தின் டிராக்டன் நகரில் ஹான்ஸ் மாண்டர்மன் என்ற போக்குவரத்துப் பொறியாளர், நெரிசலான ஒரு சந்திப்பில் சிக்னலையும் பெரும்பாலான பலகைகளையும் எடுத்துவிட்டு ஒரு சதுக்கம்போல மாற்றினார். ஓட்டுநர்கள் பலகையைப் பார்ப்பதை விட்டு ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள், வேகம் குறைந்தது, விபத்தும் குறைந்தது. விதி எதிர்ப்பாளர்கள் இன்றும் இந்த உதாரணத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஆனால் நடைபாதை விளிம்பே இல்லாத அதே பாணித் தெருக்களை பிரிட்டனில் போட்டபோது, பார்வையற்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து வழி கேட்பது கண் தெரிந்தவர்களுக்கான ஏற்பாடு. கைத்தடிக்குத் தட்டுப்படும் விளிம்புக் கல்தான் பார்வையற்றவர்களுக்கு எல்லைக்கோடு. 2018-ல் பிரிட்டிஷ் அரசே அத்தகைய திட்டங்களை நிறுத்தி வைக்கச் சொன்னது. ஒரு விதியை எடுக்கும் முன்னும் அதே வாக்கியத்தை எழுத வேண்டும்: இதை எடுத்தால் யாருக்கு, எதனால், எப்படி அடிபடும்?

விதிக்குத் தேதி போடாமல் விடுவது

விமான நிலையச் சோதனையில் செருப்பைக் கழற்றும் வழக்கம், 2001 டிசம்பரில் ஒருவர் காலணியில் வெடிபொருள் மறைத்து ஏறியதிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 2006-ல் எல்லோருக்கும் கட்டாயமாகி, 2025 ஜூலை வரை நீடித்தது. ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு இங்கிலாந்தின் மேல்நிலைக் கால்பந்து மைதானங்களில் நின்று பார்ப்பதையே தடுத்து, எல்லோருக்கும் இருக்கை என்றார்கள். அப்போது அது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். ஆனால் ரசிகர்கள் இருக்கைக்கு முன் எழுந்து நின்றுதான் பார்த்தார்கள், முன்வரிசை மேல் விழும் ஆபத்தோடு. ஒவ்வொரு வரிசைக்கும் கம்பித் தடுப்புப் போட்டு நிற்க அனுமதிக்கலாம் என்று முடிவாக 2022 ஆகிவிட்டது.

இரண்டிலும் விதி போட்ட அன்றே ‘எப்போது திரும்பப் பார்ப்போம்’ என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் பலகையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அலுவலகக் கோப்பில் மூன்று குறிப்பு இருக்கட்டும்: எந்தச் சம்பவத்தால் அல்லது எந்த ஆபத்தால் வந்தது, யார் போட்டது, எந்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும். அந்த மாதம் வரும்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இல்லை என்றால், உடனே எடுத்துவிடாமல் பழைய ஊழியர் இருவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் அந்த வரியை அழித்துவிட்டு, அடுத்த ஆறு மாத விபத்துப் பதிவேட்டைப் பாருங்கள். அழித்த இடத்தில் குளத்தின் ஆழத்தைப் பெரிய எழுத்தில் எழுதலாம்.